அஸ்கோவ் ஆசிரியர் பௌல் லா கூர்

டென்மார்க்கு என்னும் சிறு தேசத்தின் பெயர் நம் கல்லூரி போன்ற மிஷன் கலாசாலைகளிற் பயில்வோர்க்குப் புதியதன்று. 1620-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியிற் கோட்டை கட்டத் தொடங்கியவர் டேனியர். 1706-ஆம் ஆண்டில் அக்கரையை அடைந்த சீகன்பால்கு ஐயரையும் புளூட்சோ ஐயரையும் அனுப்பியவன் அந்நாட்டு மன்னன் நான்காம் பிரெடெரிக்கு. இவ்வளவும் நாம் சரித்திர வகுப்பிற் கேட்டிருக்கின்றோம். அந்நாட்டிலிருந்து நம் தென்பாண்டிச் சீமைக்கு வந்த பிறிதொரு பொருளைப் பற்றி எந்த வகுப்பிலும் நாம் கேட்டதில்லை.

கயத்தாற்றைக் கடந்து தெற்கே செல்வோரும், ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தல் வழியே நாகர்கோவிலுக்குப் போவோரும், வெண்ணிறக் கம்பங்களின் தலையில் மும்மூன்று இறக்கைகளோடு சுழலும் காற்றாலைகளை நூற்றுக்கணக்கிற் காண்பர். அவற்றைக் காண்போர் மனத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. மூன்றே இறக்கைகளுக்கு இடையில் இத்துணை வெட்டவெளி கிடக்கின்றதே. அதனூடே போகுங் காற்றெல்லாம் வீண்தானே. இறக்கைகள் பத்தோ இருபதோ இருப்பின் அத்தனை மடங்கு மின்சாரம் கிடையாதோ? நாமும் நெடுங்காலம் இவ்வாறே எண்ணியிருந்தோம். இவ்வெண்ணம் பிழையென்பதை மின்சாரம் பிறப்பிக்கும் காற்றாலையில் முதன்முதல் அளந்து காட்டினவர், பரீட்சையும் பட்டமும் இல்லாத ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தின் ஆசிரியர். அவருடைய சரித்திரத்தையே இங்கு எழுதப் புகுந்தோம்.

பௌல் லா கூர் 1846-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 13-ஆம் நாள், ஜட்லாந்து தீபகற்பத்தின் கீழ்க்கரையிலுள்ள எபெல்டொப்ட் என்னும் சிற்றூரை அடுத்த பண்ணையொன்றிற் பிறந்தார். உழவுத் தொழிலையும் உழவர் வாழ்க்கையையும் பிறந்த நாள்தொட்டு அறிந்தவர். கோபன்ஹேகன் சர்வகலாசாலையிற் பௌதிகமும், வானிலையாராய்ச்சியும் கற்று 1869-இல் தேர்ச்சி பெற்றார். 1872-இல் டென்மார்க்கு அரசாங்கத்தார் வானிலை ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியபோது அதன் துணைத்தலைவர் பதவி அவரைத் தேடி வந்தது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தாறு.

வானிலைச் செய்திகள் தந்தி மூலமாக வந்து குவிய வேண்டியவை. ஒரு கம்பியில் ஒரு சமயத்தில் ஒரு செய்தியே செல்லுமெனின் எவ்வளவு காலம் வீணாகும் என்பதை அந்நிலையத்திலிருந்தோர் நாள்தோறும் கண்டனர். லா கூர் இதற்கொரு வழி தேடினார். இசைக்கவை என்னும் கருவியை நம் மாணாக்கர் பௌதிகச் சாலையிற் கண்டிருப்பர். ஒரே சுருதியுடைய இரண்டு கவைகளுள் ஒன்று அதிர மற்றொன்றும் அதிருமன்றோ? அவ்வாறே வெவ்வேறு சுருதியுடைய கவைகளால் மின்னோட்டத்தைத் துடிக்கச் செய்து ஒரே கம்பியில் அனுப்பினால், மறுகரையிலுள்ள கவைகள் தத்தமக்குரிய துடிப்பை மட்டும் தெரிந்தெடுத்துக் கொள்ளும். ஒரு கம்பியிற் பல செய்திகள் ஒருங்கே செல்லும். 1874-இல் அவர் இதனைச் செய்துகாட்டினார். அடுத்த ஆண்டில், இசைக்கவையின் அதிர்வுக்கு இசைந்து சிறிதும் பிசகாது சுழலும் பற்சக்கரமொன்றைக் கண்டுபிடித்தார். நாதச் சக்கரம் எனலாம் இதனை. பிற்காலத்தில் அமெரிக்காவில் டெலானி என்பார் அமைத்த பலசெய்தித் தந்தியில் இச்சக்கரம் பயன்பட்டது. ஆனால் அதே ஆண்டுகளில் அதே வழியில் எலிஷா கிரேயும் கிரஹாம் பெல்லும் அமெரிக்காவில் உழைத்துக்கொண்டிருந்தனர். பெரும்பொருளும் பெரும்புகழும் அக்கரைக்கே சென்றன. பின்னாளில் லா கூரை டென்மார்க்கின் எடிசன் என்று அழைத்தவர் உண்டு. அப்பெயர் அவருக்குப் பொருந்தாது என்பது நம் கருத்து. எடிசன் செய்ததை அவர் செய்ய முயன்றாரல்லர். அவர் சென்ற வழி வேறு.

அவ்வழியை விளங்கிக்கொள்வதற்கு அந்நாட்டின் அக்கால நிலையைச் சிறிது அறிதல் வேண்டும். 1864-இல் பிரஷ்யாவோடும் ஆஸ்திரியாவோடும் நிகழ்ந்த போரில் டென்மார்க்கு தோற்று, ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் முதலிய தென்பகுதிகளை இழந்தது. நாடு சுருங்கியது, மக்கள் மனமும் ஒடுங்கியது. அந்நிலையிற் புத்துயிர் அளித்தவை நாட்டுயர் பள்ளிகள் எனப்பட்ட கிராமக் கல்விச்சாலைகள். அவற்றிற்குக் கருத்தளித்தவர் குருண்ட்விக் என்னும் போதகர். கீர்த்தனைகள் பல இயற்றிய பக்தர். உழவர் வீட்டு இளைஞர் குளிர்காலத்தில் வயல்வேலை ஓய்ந்த மாதங்களில் அங்கு வந்து தங்குவர், சரித்திரமும் தாய்மொழியும் சாஸ்திரமும் கேட்பர், கூடிப் பாடுவர், வசந்தம் பிறந்ததும் வயலுக்குத் திரும்புவர். பரீட்சை கிடையாது. (இதனைப் படித்ததும் நம் மாணாக்கர் சிலர் பெருமூச்செறிவர் என்பதை அறிவோம்.) அப்பள்ளிகளுள் முதலாவது 1844-இல் ரெட்டிங் என்னும் ஊரில் தோன்றியது. போரின் பின் அவ்வூர் அயலார் கைப்பட்டமையால், எல்லைக்கு இப்பால் அஸ்கோவ் என்னும் சிற்றூரில் 1865-இல் அப்பள்ளி மறுபடி தொடங்கப்பெற்றது. லுட்விக் ஷ்ரோடர் என்பவர் தலைமையாசிரியர்.

தலைநகரில் அரசாங்க உத்தியோகமும், ஐரோப்பிய விஞ்ஞானிகளிடையே தோன்றத் தொடங்கிய பெயரும் உடையவராயிருந்த லா கூர், 1878-இல் அந்த அஸ்கோவ் பள்ளிக்கு ஆசிரியராய்ப் போந்தார். அவருக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. தம் வாணாளின் எஞ்சிய முப்பதாண்டுகளையும் அங்கேயே கழித்தார்.

அவர் கற்பித்த முறையைப் பற்றி ஒரு வார்த்தை. சூத்திரங்களை முதலிற் கூறி மனப்பாடம் பண்ணுவித்தல் அவர் வழக்கமன்று. ஓர் உண்மையை முன்னோர் எக்காரணம் பற்றித் தேடினர், எங்ஙனம் தவறினர், பின் எவ்வாறு கண்டனர் என்று சரித்திர முறையிற் சொல்லிக்கொண்டே சென்று, கேட்போரும் உடன் தேடுமாறு செய்வார். இம்முறையில் அவர் எழுதிய கணித நூலும், யாக்கோபு அப்பெல் என்பவரோடு கூடி எழுதிய பௌதிக நூலும் அந்நாட்டில் நெடுங்காலம் வழங்கின. பின்னது ஜெர்மன் மொழியிலும் பெயர்க்கப்பட்டது.

இனி, காற்றுக்கு வருவோம். 1880-களில் ஐரோப்பிய நகரங்களில் மின்விளக்கு எரியத் தொடங்கியது. அக்காலத்தில் மின்சாரம் பெரும்பாலும் நீராவி யந்திரமும் நிலக்கரியும் கொண்டே உண்டாக்கப்பட்டது. டென்மார்க்கிலோ நிலக்கரிச் சுரங்கம் இல்லை. விழுந்தோடும் பேராறும் இல்லை. கப்பலில் வரும் கரி துறைமுக நகரங்களுக்கு ஒருவாறு கட்டுபடியாகும். உள்நாட்டுச் சிற்றூர்களுக்கு ஆகாது. நகரத்தான் விளக்கும் விசையும் பெற்றுக் கைத்தொழில் பெருக்க, உழவன் மண்ணெண்ணெய் விளக்கோடு இருந்தால் இளைஞரெல்லாரும் ஊரைவிட்டு நகரத்துக்கே ஓடுவர் என்று லா கூர் அஞ்சினார். தட்டையான அந்நிலத்தில் மேல்கடலிலிருந்து காற்று மட்டும் ஓயாது வீசிற்று. தானியம் அரைக்கும் காற்றாலைகள் ஊர்தோறும் முன்னமே இருந்தன. அவற்றை டைனமோவோடு இணைத்தால் என்ன?

இவ்வெண்ணம் அவருக்கு மட்டும் உதித்ததன்று. ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் என்னும் பேராசிரியர் 1887-இல் காற்றாலையால் மின்கலங்களை நிரப்பித் தம் விடுமுறை வீட்டில் விளக்கேற்றியிருந்தார். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்துச் செல்வர் சார்லஸ் பிரஷ் 1888-இல் தம் மாளிகைத் தோட்டத்தில் மாபெருங் காற்றாலையொன்றை எழுப்பினார். அதன் சக்கரம் 17 மீட்டர் குறுக்களவுள்ளது. அதிற் பதித்த மரத்தகடுகள் 144. இத்துணையும் சேர்ந்து தந்த மின்விசை 12 கிலோவாட்டு. இவ்வெண்களை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

1891-இல் அரசாங்கத்தாரின் பொருளுதவி பெற்று லா கூர் அஸ்கோவில் தம் முதற் பரிசோதனைக் காற்றாலையை நிறுவினார். முதல் இடையூறு காற்றின் நிலையாமை. ஒரு நொடி வலுத்தும் மறுநொடி தளர்ந்தும் வீசுவது காற்று. டைனமோவோ ஒரே சீரான வேகத்தை வேண்டுவது. இதற்காக அவர் கிராட்டோஸ்டாட் என்று பெயரிட்ட ஓர் அமைப்பைச் செய்தார். காற்றாலையின் வார்ப்பட்டையைத் தாங்கும் அச்சினைப் பாரமிட்டு ஊசலாடவிட்டு, காற்று மிஞ்சும்போது பட்டை நழுவுமாறும், டைனமோவுக்கு ஒரே அளவு இழுவை மட்டும் சேருமாறும் அமைத்தது அது. கொல்லன் பட்டடையிற் செய்துகொள்ளத்தக்க எளிமை வாய்ந்தது.

இரண்டாவது இடையூறு, காற்றில்லா நாளுக்கு விசையைச் சேமித்து வைப்பது. மின்கலங்கள் அக்காலத்தில் விலை மிகுந்தவை. லா கூர் மின்சாரத்தால் நீரைப் பிரித்து, ஹைட்ரஜனையும் பிராணவாயுவையும் தனித்தனித் தொட்டிகளிற் சேர்த்தார். அவ்வாயுக்களை எரித்து 1895 முதல் 1902 வரை அஸ்கோவ் பள்ளி முழுவதற்கும் விளக்கேற்றினார். காற்றைக் கொண்டு நீரைப் பிளந்து அதனால் இரவைப் பகலாக்கிய அந்த ஏழாண்டுகள் எவர்க்கும் வியப்பளிப்பன. ஆனால் ஹைட்ரஜனோடு பிராணவாயு சிறிது கலந்துவிட்டாலும் வெடிக்கும்; பள்ளிக் கட்டடங்களின் சன்னற் கண்ணாடிகள் சிதறி மாற்ற நேர்ந்ததும் உண்டு. முடிவில் அவர் அவ்வழியைக் கைவிட்டு மின்கலங்களையே கொண்டார். தாம் ஆண்டுக்கணக்கில் உழைத்த வழி கிராமத்திற்கு ஏலாதென்று கண்டவுடன் அதனை ஒதுக்கினாரே, அதனை நாம் தோல்வியென எண்ணவில்லை.

இவையெல்லாம் காற்றாலையைச் சுற்றியுள்ள அமைப்புகள். 1896-ஆம் ஆண்டு தொடங்கி அவர் நேரே இறக்கையை ஆராயப் புகுந்தார். அவருடைய பெயர் நிலைத்தது இதனாலேயே.

இறக்கையின் வடிவத்தைப் பற்றிப் பழைய ஆலைக்காரர் தலைமுறை தலைமுறையாகச் சில வழக்கங்களைக் கொண்டிருந்தனர். அவற்றை முதலில் முறையாகச் சோதித்தவர் இங்கிலாந்து எஞ்சினீயர் ஜான் ஸ்மீட்டன். அவர் சிறு மாதிரி இறக்கைகளைச் சுழலும் நீண்ட கையொன்றின் நுனியிற் பொருத்தி, நின்ற காற்றினூடே வீசிச் சுழற்றி, அவை தூக்கும் பாரத்தை அளந்து, 1759-இல் ராயல் சங்கத்தார்க்கு அறிவித்தார். இறக்கை ஒரே தட்டையாயிருத்தல் கூடாது, மையத்தருகே 18 பாகை அளவு சாய்ந்தும் நுனியில் 7 பாகை அளவே சாய்ந்தும் முறுக்கியிருத்தல் வேண்டும் என்று அவர் கண்டார். சுழலும் வட்டத்தில் எட்டில் ஏழு பங்கிற்கு மேல் துணியால் மூடினால் விசை கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது என்றும் கண்டார்.

முறுக்கு எதற்காக? மழையில் நிற்பவன் குடையை நேரே பிடிக்கிறான். நடப்பவன் முன்னே சிறிது சாய்க்கிறான். ஓடுபவன் பின்னும் மிகச் சாய்க்கிறான். மழை நேராகவே பெய்தாலும் ஓடுபவனுக்கு அது எதிரே வருவதாகத் தோன்றுகிறது. இறக்கையின் அடிப்பகுதி மெல்ல நகர்கிறது. நுனியோ மிக விரைந்து ஓடுகிறது. ஆதலின் அடிக்கு ஒரு திசையிலும் நுனிக்கு வேறொரு திசையிலும் காற்று வந்து படுகிறது. ஒவ்வோரிடத்திலும் தனக்கு வரும் காற்றுக்கேற்ற சாய்வுடையதாக இறக்கை முறுகியிருத்தல் வேண்டும்.

ஸ்மீட்டன் இறக்கையை நின்ற காற்றில் நகர்த்தினார்; லா கூர் இறக்கையை நிறுத்திக் காற்றை அதன்மேற் செலுத்தினார். உருளை வடிவாகிய குழாயொன்றின் ஒரு வாயில் விசிறி வைத்துச் சீரான காற்றோட்டத்தை உண்டாக்கி, மறுவாயில் மாதிரிக் காற்றாடிகளை ஏற்றி, இறக்கைகளின் எண்ணிக்கை, அகலம், சாய்வு, வளைவு ஆகியவற்றை மாற்றி மாற்றி அளந்தார். இன்று காற்றுச்சுரங்கம் எனப்படும் கருவி இதுவே. ரைட் சகோதரர் தம் ஆகாயவிமான இறக்கைகளைச் சோதிக்கக் காற்றுச்சுரங்கம் செய்தது 1901-இல். அதற்கு ஐந்தாண்டு முன்னரே ஒரு கிராமப் பள்ளியில் இவ்வேலை நடந்துகொண்டிருந்தது.

அவர் கண்ட முதலுண்மை இறக்கைகளின் எண்ணிக்கையைப் பற்றியது. இறக்கைகள் குறைந்து விரைவாகச் சுழலும் ஆலையே மின்சாரத்திற்கு ஏற்றது; மிகுந்தால் வேகம் குறைகிறது. காரணம் இரண்டு. ஓர் இறக்கை கடந்தவுடன் அதன் பின்னே காற்று கலங்கிக் கிடக்கிறது. நெருங்கி வரும் அடுத்த இறக்கை அந்தக் கலங்கிய காற்றில் ஓடவேண்டியிருக்கிறது. அன்றியும் இறக்கைக்கு இறக்கை உராய்வும் பாரமும் கூடுகின்றன. சரி, இடைவெளியிற் காற்று வீணாகவில்லையா? ஓடும் மின்விசிறியின் இடைவெளியிற் கைநீட்டத் துணிவார் உளரோ? விரைந்து சுழலும் இறக்கைக்கு இடைவெளி என்பது கண்ணின் மயக்கமே. கலங்காத புதுக்காற்று ஓரிடத்தைக் கடந்து போவதற்குள் அடுத்த இறக்கை அங்கு வந்து சேர்ந்துவிடுகிறது. மேலும், சக்கரத்தை முற்றும் அடைத்துக் காற்றின் விசையெல்லாவற்றையும் பறிக்க முயன்றால், பின்னே போகவேண்டிய காற்று நின்றுவிடும்; நின்ற காற்று வருங்காற்றைத் தடுக்கும்; வருங்காற்று பக்கங்களில் ஒதுங்கிப் போய்விடும். எத்துணைச் சிறந்த காற்றாலையும் தன் வட்டத்தினூடே வரும் காற்றாற்றலில் 27-இல் 16 பங்குக்கு மேற் கொள்ளவியலாது என்று ஜெர்மானியராகிய பெட்ஸ் என்பார் கணக்கிட்டுக் காட்டியது, லா கூர் மறைந்து பன்னிரண்டாண்டுகளுக்குப் பின், 1920-இல்.

பல தகடுகளுடைய சக்கரம் பயனற்றதென்று இதனாற் கொள்ளலாகாது. மெல்லிய காற்றிலும் பாரத்தை அசைத்துத் தொடங்குவதற்கு அதுவே வல்லது; ஆதலாற் கிணற்றுநீர் இறைக்க அமெரிக்கப் பண்ணைகளில் அது சிறந்து விளங்கிற்று. டைனமோ வேண்டுவது வேகம். ஏற்றம் வேண்டுவது இழுவை. கிளீவ்லாந்துச் செல்வரின் 144 தகடுகள் இவ்வேறுபாட்டை அறியாமல் வைக்கப்பட்டவை.

இரண்டாவது உண்மை நுட்பமானது. காற்று இறக்கையின் முன்புறத்தைக் கதவைத் தள்ளும் கைபோலத் தள்ளுகிறது என்றே எல்லாரும் நம்பியிருந்தனர். அந்நாட்டு எஞ்சினீயர்களாகிய இர்மிங்கரும் போக்ட் என்பவரும் 1890-களில் வேறொன்றைக் கண்டனர். சாய்ந்து நிற்கும் தகட்டின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைந்து ஓர் உறிஞ்சல் உண்டாகிறது. தகட்டின்மேலுள்ள விசையிற் பெரும்பங்கு அவ்வுறிஞ்சலே. இர்மிங்கர் இதனைச் சோதித்தது ஓர் எரிவாயுத் தொழிற்சாலைப் புகைபோக்கியின் இழுப்புக் காற்றைக் கொண்டு. லா கூர் இதனை அறிந்து தம் இறக்கைகளிற் கையாண்டார். காற்று படும் முகத்தை மட்டும் திருத்தினாற் போதாது, எவரும் நோக்காத முதுகையும் திருத்தல் வேண்டும் என்பது தெளிவாயிற்று. தட்டையான பலகையை விட, முன்விளிம்பையடுத்து வளைந்த தகடு மிகுந்த விசை தந்தது. முறுக்கும் வளைவும் உரிய அளவிற் சேர்ந்த ஓர் இலட்சிய இறக்கையை அவர் வகுத்தார். தம் அளவுகள் அனைத்தையும் 1900-இலும் 1903-இலும் பரிசோதனை ஆலை என்னும் பெயரில் நூலாக வெளியிட்டு, வேண்டுவார் எவரும் எடுத்தாளுமாறு வைத்தார்.

இங்கேதான் நாம் அவர் சரித்திரத்திற் பெரிதும் மதிக்கும் பகுதி வருகிறது. இலட்சிய இறக்கையைக் கண்டவர் அதனையே ஊர்தோறும் நாட்டியிருப்பார் என்று நாம் எதிர்பார்ப்போம். அவர் அவ்வாறு செய்யவில்லை. கிராம மின்சார நிலையங்களுக்கென்று அவர் பரிந்துரைத்தது, நான்கு இறக்கைகளும் அவற்றிற் சன்னற்கதவின் சிறு பலகைகள் போலத் திறந்து மூடும் வரிசைத் தட்டிகளும் உடைய பழைய வகை ஆலை. மூடிய தட்டிகள் வளைந்த தகட்டுக்கு நிகரான விசை தரமாட்டா என்பதை அவரினும் நன்கறிந்தவர் எவருமிலர், அளந்தவர் அவரே. ஆயினும் புயல் வீசும்போது அத்தட்டிகள் தாமே திறந்து காற்றை வழிவிடும். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் ஆற்றல் எண்மடங்காகும். நள்ளிரவிற் புயலெழுந்தால் வளைந்த இலட்சிய இறக்கையை அடக்குவார் யார்? ஆலைக்காரன் உறங்குவான். தட்டியொன்று முறிந்தால் ஊர்த்தச்சன் காலையில் மாற்றிவிடுவான். வளைந்த இறக்கை முறிந்தால் அஸ்கோவுக்கு ஆள் வரவேண்டும். உச்ச அளவில் சில பங்குகள் இழந்தாலும் ஆண்டு முழுதும் பழுதின்றி ஓடும் இறக்கையே மிகுந்த மின்சாரம் தரும் இறக்கை என்று அவர் கொண்டார். தாம் கண்ட அழகிய உண்மையைத் தாமே பின்னுக்குத் தள்ளுவது கண்டுபிடிப்பாளர்க்கு எளிதன்று. அவர் உழவர் மகனாயும் இருந்தமையால் அது கைகூடியது போலும்.

1903-இல் டேனியக் காற்று மின்சாரச் சங்கம் தோன்றியது; லா கூர் அதன் உயிராயிருந்தார். காற்றாலை, டைனமோ, மின்கலம், காற்றில்லா நாளுக்கு ஒரு சிறு எண்ணெய் எஞ்சின் என்னும் நான்கும் சேர்ந்ததே ஒரு கிராம நிலையம். அவற்றை அமைக்கவும் பேணவும் கிராமங்களிலேயே ஆள் வேண்டுமே என்று, உழவர் வீட்டு இளைஞரைக் கொண்டு கிராம மின்வேலைக்காரர் வகுப்பொன்றை அஸ்கோவில் நடத்தினார். 1904-இல் அவ்வகுப்பிற் பாடங்கேட்டவர்களுள் யோஹன்னஸ் யூல் என்னும் சிறுவரும் ஒருவர். பதினாறு பதினேழு வயதினர்.

பௌல் லா கூர் 1908-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 24-ஆம் நாள் அஸ்கோவில் உயிர் நீத்தார். வயது அறுபத்திரண்டு.

முதல் உலகப் போரிற் கரிக்கப்பல் வரவு குன்றியபோது அவர் விதைத்தது விளைந்தது. 1918-இல் டென்மார்க்கிற் சுமார் 120 ஊர் மின்சார நிலையங்களிற் காற்றாலைகள் ஓடின. ஒவ்வொன்றும் 20 முதல் 35 கிலோவாட்டு வரை தந்தது. நாட்டின் மின்சாரத்தில் 3 விழுக்காடு காற்றினின்றும் கிடைத்தது. போர் ஓய்ந்து கரியும் எண்ணெயும் மலிந்ததும் அவை ஒவ்வொன்றாய் நின்றன.

யூல் ஒரு மின்சாரக் கம்பெனியிற் பல்லாண்டு வேலைபார்த்து முதுமையை எட்டிய பின், இரண்டாம் உலகப் போருக்கு அடுத்த ஆண்டுகளில், தம் ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். முதலில் இரண்டு இறக்கைகளோடு சிறு ஆலையொன்று செய்து பார்த்தார். பின்னர் மூன்றைத் தெரிந்துகொண்டார். இரண்டு இறக்கையுள்ள சக்கரம் காற்றின் திசைக்குத் திரும்பும்போது துள்ளுகிறது. மூன்றுள்ளது அமைதியாகத் திரும்புகிறது. 1957-இல் நாட்டின் தென்கோடியாகிய கெட்செரில் 24 மீட்டர் குறுக்களவுள்ள ஆலையை நிறுவினார். அது தந்தது 200 கிலோவாட்டு. கிளீவ்லாந்துச் சக்கரத்தின் 17 மீட்டரையும் 12 கிலோவாட்டையும் இதனோடு வைத்து நோக்குக. வட்டத்தின் பரப்பு இருமடங்கே. விசையோ பதினாறு மடங்கிற்கும் மேல். மூன்று இறக்கைகளும் முறுக்குடையவை. புயலில் என் செய்வது என்ற பழைய கேள்விக்கு, தட்டிகளின்றியே யூல் விடை கண்டார்: காற்று மிஞ்சும்போது முதுகின்மேல் ஓடும் காற்று பிரிந்து விசை தானே குறையுமாறு இறக்கையை அமைத்தார், சக்கரம் கட்டுமீறி ஓடினால் ஒவ்வோர் இறக்கையின் நுனியும் தானாகத் திரும்பித் தடையாகுமாறு செய்தார். லா கூருக்குக் கிட்டாதிருந்த இணைப்பு, அதாவது நல்ல இறக்கையும் உறங்கும் ஆலைக்காரனும் ஒருங்கே அமைதல், அவர் மாணாக்கருக்குக் கிட்டியது.

கெட்செர் ஆலை 1967 வரை ஓடியது. எண்ணெய் மலிவாயிருந்தமையால் அதன் பிறகு நிறுத்திவிட்டனர். யூல் 1969-இற் காலமானார். 1973-இல் எண்ணெய் விலை திடீரென ஏறிய பின் அமெரிக்கர் பொருளுதவியோடு அதே ஆலையை 1977-இல் மறுபடி ஓட்டி அதன் இறக்கைகளை அளந்தனர். டேனியத் தச்சரும் கொல்லரும் பண்ணைக்கருவி செய்வோரும் யூலின் மூன்று இறக்கை முறையைப் பின்பற்றிச் சிறு ஆலைகள் செய்து விற்கத் தொடங்கினர்; அவற்றினின்றும் பெருந்தொழிற்சாலைகள் எழுந்தன. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் டென்மார்க்கு அரசின் உதவியோடு கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் நாட்டப்பட்ட ஆலைகள் அவ்வழி வந்தவை.